ஒரே ராத்திரி, ஒரே தோட்டம்: பீன்ஸ் கருகிவிட்டது, கோஸ் சிரிக்கிறது. எப்படி?

தலைகுந்தா மருமகள் (ஜனவரி 9, காலை 11:20)

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி ஊட்டி தலைகுந்தா பக்கம் வந்து மூன்று வருஷம். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம், சரிவாக இறங்கி ஓடையில் முடியும். இந்த வருஷம்தான் அத்தை என்னை நம்பித் தோட்டத்தை விட்டார்கள். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

நேற்று ராத்திரி நல்ல உறைபனி. காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது மாதிரி வெள்ளை. ஏழரைக்கு வெயில் வந்தது, ஒன்பதுக்குள் கணக்கு தெரிந்துவிட்டது. பீன்ஸ் வெந்நீரில் போட்டு எடுத்த கீரை போலத் தொங்கி, இப்போது கறுத்துவிட்டது. உருளைக்கிழங்குச் செடியும் அப்படியே. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் இரண்டடி தள்ளி நிற்கும் கேரட்டுக்கும் கோஸுக்கும் ஒன்றுமே ஆகவில்லை.

என் குழப்பங்கள்:

முதலாவது, வராந்தா சுவரில் மாமா மாட்டிய தெர்மாமீட்டர் விடியற்காலை 3 டிகிரி காட்டியது. பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது ஐஸ் எப்படி வரும்?

இரண்டாவது, கோஸிலேயே இரண்டு பாத்தி. அக்டோபரில் நட்டது நன்றாக இருக்கிறது. போன வாரம் பசுமைக்குடிலில் வளர்ந்த நாற்று வாங்கி நட்டது செத்துவிட்டது. ரகம் ஒன்றுதான், பாக்கெட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வெயில் வருவதற்குள் தண்ணீர் தெளித்தால் பிழைக்கும் என்று கேள்விப்பட்டு, நாலரைக்கு எழுந்து ஓஸ் பிடித்தேன். பாதி பீன்ஸ் நனைவதற்குள் தொட்டி காலி. மோட்டார் போட்டால் குழாயே உறைந்து கிடக்கிறது. நனைந்த பாதிதான் முதலில் கறுத்தது! நனையாத பாதியில் அங்கங்கே பச்சை மிச்சம் இருக்கிறது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

---

எமரால்டு பெரியவர் (ஜனவரி 9, மதியம் 1:05)

கண்ணு, முதலில் ஒன்று. கறுத்ததை இன்றைக்கே வெட்டாதே. கத்தரிக்கோலை உள்ளே வை. தேயிலையில் பனி பட்டு இலை கருகினால் நாங்கள் உடனே கவாத்து பண்ணமாட்டோம். கருகின இலை அடுத்த பனிக்கு அடியில் இருக்கிற குச்சிக்கு ஒரு போர்வை. தவிர, எதுவரை செத்தது என்று மரத்துக்கே இன்னும் தெரியாது. துளிர் வரட்டும், அதற்குக் கீழே எது பச்சையோ அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடு. பீன்ஸ் விஷயம் வேறு, அது போனது போனதுதான்.

உன் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. அது சுவரின் சூட்டைச் சொல்கிறது. சுவர் பகலெல்லாம் வெயில் குடித்தது, மேலே ஓடும் இருக்கிறது. செடிக்கு மேலே என்ன இருக்கிறது? வானம்தான். மேகமில்லாத, காற்று ஆடாத ராத்திரியில் இலை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும். சுற்றியிருக்கிற காற்றைவிட இலை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துபோகும். நாளைக்கு அந்தத் தெர்மாமீட்டரைப் புல்மேல் வைத்துப் பார்.

அப்புறம் குளிர்ந்த காற்று கனம். தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைப் பக்கம் பீன்ஸ் போட்டிருப்பாய், சரியா? எங்கள் சரிவில் ஒரு ஜனவரியில் கீழே இருந்த ஒன்றரை ஏக்கர் தேயிலை கருகியது. மேட்டில் நின்று பார்த்தால் கயிறு கட்டிக் கோடு போட்டது மாதிரி, கோட்டுக்குக் கீழே காப்பிக்கொட்டை நிறம், மேலே பச்சை. அந்தக் கோட்டில் சில்வர் ஓக் நின்ற இடத்தில் மட்டும் பச்சை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மரத்து நிழல் வெயிலுக்கு மட்டும் இல்லை கண்ணு, ராத்திரியில் வானத்தையும் மறைக்கும்.

நாங்கள் சின்னச் செடிக்குக் காய்ந்த பெரணியைக் குடைமாதிரிக் குத்திவைப்போம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மிலார் செடிக் கிளைகளை வைத்து மூடுவதைப் பார்த்திருப்பாய், அதே வித்தைதான். தண்ணீர் விஷயம் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது.

---

நுண்ணோக்கி (ஜனவரி 9, இரவு 8:40)

பெரியவர் பாதி வேலையை முடித்துவிட்டார். நான் முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். பாடம் எடுக்கிற வியாதி போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடியைக் கொல்வது குளிர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் கொல்வது பனிக்கட்டி, அதிலும் அது எந்த இடத்தில் உருவாகிறது என்பதுதான். செல்லுக்கு வெளியே, சுவர்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் உருவானால் செடி தாங்கப் பார்க்கும். செல்லுக்கு உள்ளே உருவானால் அந்தச் செல்லின் கதை முடிந்தது. ஊசிப் படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும். தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள், உருகியதும் கூழ். உங்கள் பீன்ஸ் 'வெந்நீரில் போட்ட கீரை' ஆனதும் அதேதான்.

கோஸ் என்ன செய்தது? ஐஸை வெளியே கட்டவிட்டது. சந்தில் உள்ள தண்ணீர் சுத்தமானது, அதனால் முதலில் உறையும். உறைந்த ஐஸ் பக்கத்துச் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சும். செல் சுருங்கும், உள்ளே மிச்சமிருக்கும் சாறு கெட்டியாகும், கெட்டியாக ஆக உறைவது கடினமாகும். குச்சி ஐஸைச் சப்பினால் சாயமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்து, கையில் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உறையும் தண்ணீர் தன்னுள் கலந்ததைத் தள்ளிவிட்டுத்தான் உறைகிறது. கோஸின் செல் அந்தத் தள்ளப்பட்ட சாற்றுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. விடியற்காலை கோஸ் இலை விறைத்துக் கண்ணாடி போல் இருந்திருக்கும், வெயில் ஏறியதும் பழையபடி நிமிர்ந்திருக்கும். பார்த்தீர்களா?

ஆனால் இதில் ஓர் ஆபத்து. தண்ணீர் இழந்து சுருங்குவது என்றால் வறட்சிதான். ஆகவே உறைபனியைத் தாங்கும் செடி உண்மையில் கடும் வறட்சியைத் தாங்குகிற செடி. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான்.

அக்டோபரில் நட்ட கோஸ் பகல் குறைவதையும் ராத்திரி குளிர்வதையும் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறது. 10 டிகிரி, 7 டிகிரி, 4 டிகிரி என்று குளிர் மெதுவாக இறங்க, அது வீட்டைச் சீரமைத்திருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துச் சேர்க்கும். சர்க்கரை உறைநிலையை ஏதோ இரண்டு மூன்று டிகிரிதான் இறக்கும், அது பெரிய விஷயமில்லை. தண்ணீர் போன இடத்தில் சவ்வுகளும் புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையாமல் பார்த்துக்கொள்வதே அதன் முக்கிய வேலை. (பனிக்குப் பிறகு பிடுங்கும் கேரட் ஏன் தித்திக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். இந்த வாரம் பிடுங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.)

அடுத்து சவ்வு. உங்கள் சமையலறையில் தேங்காய் எண்ணெய் இப்போது வெள்ளைக் கட்டியாக இருக்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். செல்லின் சவ்வும் கொழுப்புதான். குளிர் வருமுன் செடி தன் சவ்வைத் தேங்காய் எண்ணெய் ஜாதியிலிருந்து நல்லெண்ணெய் ஜாதிக்கு மாற்றிக்கொள்கிறது, அதாவது நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டுகிறது. அப்போதுதான் செல் சுருங்கி விரியும்போது சவ்வு விரிசல் விடாது.

இதெல்லாம் ஒரே ராத்திரியில் நடக்காது. சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். குளிரே படாமல் வளர்ந்த கோதுமைக்கு உறவான தானியம் ஒன்று, ரை என்பார்கள், ஐரோப்பாவில் ரொட்டிக்குப் பயிரிடுவது, சுமார் -5 டிகிரியில் செத்துவிடும். அதையே ஓரிரு வாரம் 2 டிகிரியில் வைத்துப் பழக்கினால் -30 வரை தாங்கும். அதே விதை, அதே மரபணு. உங்கள் பசுமைக்குடில் நாற்று ஒரு நாள்கூடப் பழகாமல் நேரே களத்தில் இறங்கியது. அடுத்த முறை நாற்று வாங்கினால் பத்து நாள் வராந்தாவில், பிறகு கூரைக்கு வெளியே என்று பழக்கிவிட்டு நடுங்கள்.

இதன் உச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சகாய் என்ற ஜப்பானியர் 1960-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பனிக்காலத்துக்குப் பழகிய மரக்குச்சிகளை முதலில் மெதுவாக உறையவைத்து, செல்லின் தண்ணீரெல்லாம் வெளியேறிய பிறகு -196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கினார். எடுத்தால் உயிரோடு இருந்தன. உள்ளே உறைவதற்குத் தண்ணீரே மிச்சமில்லை!

பீன்ஸும் கறிவேப்பிலையும்? அவற்றின் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தத் தேவையே வரவில்லை, அதனால் எவ்வளவு பழக்கினாலும் உறைபனி தாங்காது. சில வெப்பநாட்டுச் செடிகளுக்கு ஐஸே தேவையில்லை. வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கிறதே, அங்கே எது உறைந்தது? 13 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் சவ்வு தடுமாறுகிறது. நாம் சாப்பிடும் உருளைக்கிழங்கும் பழகத் தெரியாத ஜாதிதான், -3 வாக்கில் இலை போய்விடும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், தோண்டி எடுத்துவிடாதீர்கள்.

இனி தண்ணீர். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம்தான் இலையைப் பூஜ்யத்திலேயே நிறுத்தி வைக்கிறது. புளோரிடாவில் ஸ்ட்ராபெரிக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தெளிப்பான் ஓடவிடுவது இதற்காகத்தான். ஆனால் ஒரு கிராம் ஆவியானால் கிட்டத்தட்ட 600 கலோரியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஏழு கிராம் உறைந்து கொடுத்ததை ஒரு கிராம் ஆவியாகி எடுத்துவிடும். தெளித்துக்கொண்டே இருந்தால் வரவு அதிகம். உங்கள் தொட்டி காலியானதும் வரவு நின்றது, செலவு மட்டும் ஓடியது. நனைந்த பாதி முதலில் போனதற்கு அதுதான் காரணம். உங்கள் மேல் தப்பில்லை, தொட்டிமேல்தான்.

தொட்டி சின்னது என்றால் வேறு வழி: முதல் நாள் மதியம் மண்ணை நனையுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரி கொடுக்கும். மண்மேல் வைக்கோல் பரப்பியிருந்தால் உறைபனி மாதத்தில் ஒதுக்கிவையுங்கள், அது மண்ணின் சூடு செடிக்கு ஏறாமல் தடுக்கும். போர்வை செடிக்கு மேலே இருக்கவேண்டும், காலடியில் அல்ல.

---

சும்மா வந்தவன் (ஜனவரி 9, இரவு 10:15)

இவ்வளவு எதற்கு சார்? நாலு பக்கமும் குப்பையைக் கொளுத்திப் புகை போட்டால் போதும். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம்.

---

நுண்ணோக்கி (ஜனவரி 10, காலை 6:30)

புகையால் பெரிய பலன் இல்லை தம்பி. இலை வானத்துக்கு அனுப்பும் வெப்பக்கதிரை மறைக்கப் புகைத் துகள் மிகச் சிறியது. மூடுபனி மறைக்கும், மேகம் மறைக்கும், புகை மறைக்காது. அடியில் எரிகிற தீ கொஞ்சம் காற்றைச் சூடாக்கும், அவ்வளவுதான். காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் நிச்சயம்.

இன்னொரு சுவாரசியத்தைச் சொல்ல மறந்தேன். பூஜ்யத்தைத் தொட்டதும் தண்ணீர் உறைந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. தூசு தும்பு இல்லாத சுத்தமான நுண்துளி -38 வரைகூடத் திரவமாகவே இருக்கும். முதல் படிகம் உட்கார ஒரு திண்ணை வேண்டும். இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் தோலில் உள்ள ஒரு புரதம் அந்தத் திண்ணையைப் போட்டுக் கொடுக்கிறது. அது இருந்தால் -2 டிகிரியிலேயே இலை உறையத் தொடங்கும். அந்தப் புரதத்தை மட்டும் நீக்கிய பாக்டீரியாவை 1987-ல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி வயலில் தெளித்துச் சோதித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. மாற்றம் செய்யாத அந்தப் பழைய பாக்டீரியாவின் புரதத்தையோ பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி செய்யப் பயன்படுத்துகிறார்கள்.

---

ஸ்கார்பரோ அக்கா (ஜனவரி 10, காலை 8:50)

தங்கச்சி, வாசிச்சுச் சிரிச்சுப்போட்டன், கோவிக்காதேங்கோ. இஞ்ச டொரொன்டோவில இண்டைக்கு -17. கறிவேப்பிலைக்கு நான் ஒரு பேரப்பிள்ளைக்குப் பாக்கிற மாதிரிப் பாக்கிறன். செப்டம்பர் கடைசியில பேஸ்மென்டுக்கு இறக்கி, லைட் போட்டு, தண்ணி குறைச்சு விடுறது. இலையெல்லாம் கொட்டும், பயப்பிடுறேல்ல. மே கடைசியில திரும்ப வெளியில.

ஆனால் உள்ளியைப் (உங்கட பூண்டு) பாருங்கோ, அதுக்குக் குளிர் இல்லாட்டில்தான் கரைச்சல். நான் ஒக்டோபரில பல்லுப் பல்லா ஊண்டுவன். குளிர் படாட்டில் அது பல்லுப் பிரியாமல் ஒரே உருண்டையா வரும். மேல ஒரு அடி ஸ்நோ விழுந்தால் எனக்குச் சந்தோசம். வெளியில -20 எண்டாலும் ஸ்நோவுக்குக் கீழ மண் பூஜ்யத்துக்குக் கிட்டத்தான் நிக்கும். ஸ்நோ விழாமல் வெறும் குளிர் மட்டும் வந்த வருசம்தான் எனக்குக் கன உள்ளி பழுதாப்போனது.

முன்வீட்டுச் சீனாக்காரம்மா வாசலில ஒரு ரோடோடென்ட்ரன் வச்சிருக்கிறா. குளிர் காலத்திலயும் இலை கொட்டாது. -10 வாக்கில அந்த இலையெல்லாம் கீழ தொங்கி, யாழ்ப்பாணச் சுருட்டு மாதிரி உருண்டு நிக்கும். குளிர் குறைஞ்சால் திரும்ப விரியும். நான் யன்னலால அதைப் பாத்திட்டுத்தான் எந்த ஜக்கெட் போடுறதெண்டு முடிவெடுக்கிறது. ஏன் சேர் அப்பிடி உருளுது?

மேப்பிள் மரமும் ஒரு அதிசயம். மார்ச் மாசம் ராத்திரி உறைஞ்சு பகல் உருகிற நாளிலதான் பட்டையில துளைச்சால் சாறு ஓடும். ரெண்டும் மாறி மாறி நடக்காட்டில் வராது. 40 லீட்டர் காய்ச்சினால் 1 லீட்டர் பாணி. எங்கட பனங்கட்டிக் கைகளுக்கு அந்த வேலை பழக்கம்தானே.

---

நுண்ணோக்கி (ஜனவரி 10, மாலை 5:10)

அக்கா, அந்தச் சுருட்டு உவமையை நான் வகுப்பு எடுத்த காலத்தில் சொல்லியிருந்தால் எந்த மாணவனும் மறந்திருக்கமாட்டான். இலை உறைந்திருக்கும்போது பளீர் வெயில் பட்டால் வெளிச்சத்தைப் பிடித்துவிடும், ஆனால் குளிரில் அதைப் பயன்படுத்த முடியாது. அந்த மிச்ச வெளிச்சம் பச்சையத்தைப் பாழாக்கும். தொங்கி உருண்டால் வெயில் படும் பரப்பு குறைகிறது. காலையில் சட்டென்று உருகாமல் மெதுவாக உருகவும் அது உதவுகிறது.

நம் நீலகிரியிலும் அந்தக் குடும்பத்து மரம் ஒன்று உண்டு. காட்டுப்பூவரசு, சிவப்புப் பூ. புல்வெளி நடுவே தனியாக நிற்கும். சோலை மரங்கள் அப்படித் துணிந்து நிற்பதில்லை. சோலைக்குள் கிளைக்கூரை வானத்தை மறைப்பதால் உறைபனி இறங்காது. பத்தடி தள்ளிப் புல்வெளி வெள்ளையாகிவிடும். சோலை மரத்து விதை அங்கே விழுந்து முளைத்தால் முதல் ஜனவரியைத் தாண்டுவதே கஷ்டம். இங்கே சோலை, அங்கே புல்வெளி என்று கத்தி வைத்து வெட்டியது போல எல்லை இருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம் அந்தக் குளிரைச் சோலை மரங்களைவிட நன்றாகத் தாங்குகிறது, அதனால்தான் புல்வெளிக்குள் புகுந்துகொண்டே போகிறது.

---

எமரால்டு பெரியவர் (ஜனவரி 10, இரவு 7:25)

சீகையைப் பற்றிச் சொன்னது சரி. அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கண்ணு, கறிவேப்பிலையை நகத்தால் கீறிப் பார். நுனியிலிருந்து கீழே வா. பட்டைக்கு அடியில் பழுப்பாக இருந்தால் செத்த இடம், பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிற இடம். இப்போதே நாலு குச்சி நட்டு மேலே கோணிச் சாக்கைப் போடு. சாக்கு இலையைத் தொடக்கூடாது, தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடு.

---

தலைகுந்தா மருமகள் (பிப்ரவரி 21, மாலை 4:45)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நாள் கழித்து வந்ததற்கு மன்னிக்கவும், காண்பிக்க ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தெர்மாமீட்டரைப் புல்மேல் வைத்தேன். சுவரில் 4 காட்டிய நாள் புல்லில் -1. மாமா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடையில் ஏமாற்றிவிட்டான் என்றார். நுண்ணோக்கி சார் எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு தினமும் காலையில் அவரே போய்ப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார்.

பீன்ஸ் போனது போனதுதான். ஓடைப் பக்கம் இனி கேரட் மட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். "முன்னாடியே தெரியும், நீயா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன்" என்றார்கள். உருளை அடியிலிருந்து புதுத் தண்டு விட்டிருக்கிறது. கேரட் உண்மையிலேயே தித்திப்பாக இருந்தது, கழுவாமல் மண்ணோடு கடித்தேன்.

கறிவேப்பிலையை அன்றைக்கே கீறினேன். நுனியிலிருந்து பழுப்பு, பழுப்பு, பழுப்பு. மண்ணுக்கு ஒரு சாண் மேலே வந்தபோது கை நடுங்கியது, அங்கே பச்சை. சாக்குக் கூடாரம் போட்டு ஐந்து வாரம் காத்தேன். நேற்று அந்த ஒரு சாணுக்குள் அரிசி அளவில் இரண்டு முளை, சிவப்பாக. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். கறிவேப்பிலை எங்கே என்று கேட்டார்கள்.

ஸ்கார்பரோ அக்கா, செப்டம்பர் கடைசியில் தொட்டிக்கு மாற்றி வீட்டுக்குள் எடுக்கப்போகிறேன். தண்ணீர் குறைக்கவேண்டும் என்றீர்களே, வாரத்துக்கு எத்தனை தம்ளர்?